அழைத்தால் மட்டும் அமரும் இருக்கை



மேலைச் செவ்வியல் இசையில் சாக்ஸபோனையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, நடத்துநரின் கீழ் பலவகைக் கருவிகள் கூடி இசைக்கும் பெருங்குழுவாகிய ஆர்க்கெஸ்ட்ராவில் அக்கருவிக்கு நிரந்தர இடம் இல்லை என்பதாகும். பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றபோது ஆர்க்கெஸ்ட்ராவின் அமைப்பு பெரும்பாலும் உறுதிப்பட்டிருந்தது. பாரிஸ் கன்சர்வேட்டரி என்னும் இசைக்கல்லூரியில் அவர் நடத்திய வகுப்பும் 1870-இல் நின்றுபோய், சாக்ஸபோன் கலைஞர் மார்செல் மூலின் பொறுப்பில் 1942-இல்தான் மீண்டும் தொடங்கியது. இன்றும் படைப்பு கேட்கும்போது மட்டுமே ஆர்க்கெஸ்ட்ராக்கள் சாக்ஸபோன் கலைஞரை அழைக்கின்றன.

அவ்வாறு அழைக்கப்படுபவருக்குக் காத்திருத்தலும் ஒரு பயிற்சியே. முஸோர்க்ஸ்கியின் பியானோ படைப்பான 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்' 1922-இல் ராவெலால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அமைக்கப்பட்டபோது, ஆல்ட்டோ சாக்ஸபோனுக்குப் 'பழைய கோட்டை' என்னும் பகுதி மட்டுமே தரப்பட்டது. அதுவரை சும்மா இருக்கும் உலோகக் குழல் குளிர்ந்து சுருதி இறங்கும். ரீடு, அதாவது ஊதுவாயில் பொருத்தப்பட்டு மூச்சால் அதிரும் நாணல் தகடு, காய்ந்து முதல் சுரத்திலேயே பிசிறடிக்கும். ஆகவே ரீடை நாவால் ஈரமாக்கிக்கொண்டும், ஒலி எழாதபடி வெம்மூச்சைக் குழலுள் செலுத்திக்கொண்டும் இருந்து, தாழ்சுர மரக்காற்றுக் கருவிகளான பஸ்ஸூன்களின் மெல்லொலியை அடுத்து அதே மென்மையுடன் நுழையத் தெரிந்தவரையே குழுவினர் மறுமுறையும் நாடுவர். ராஹ்மானினாஃபின் 'சிம்பொனிக் நடனங்கள்' (1940) முதற்பகுதியிலும் சாக்ஸபோனின் தனிமெட்டு மரக்காற்றுக் கருவிகளின் நடுவே எழுவதால், சுரத்தை நடுங்கவிடும் அசைவைக் குறைத்து அவற்றின் ஒலியோடு இழையும் நாதமே அங்கு வேண்டப்படுகிறது. தனிக்கருவி ஆர்க்கெஸ்ட்ராவுடன் இணைந்து இசைக்கும் படைப்பான கான்செர்ட்டோ வகையில், பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோவில் (1935) கிளாரினெட் கலைஞர் ஒருவரே ஆல்ட்டோ சாக்ஸபோனையும் வாசிக்குமாறு எழுதப்பட்டிருப்பதை நோக்கினால், கிளாரினெட்டையும் கற்றுவைப்பதன் பயன் விளங்கும்.

எனினும் இக்கலைஞரின் சொந்த வீடு சேம்பர் இசை, அதாவது நடத்துநரின்றிச் சிலர் மட்டும் ஆளுக்கொரு பகுதியாக இசைக்கும் வகையாகும். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் ஆகிய நான்கு சாக்ஸபோன்கள் சேர்ந்த நால்வர் குழுவை மூல் 1928-இல் அமைத்து வளர்த்தமையால்தான், 1932-இல் இசையமைப்பாளர் கிளாசுனாஃப் அத்தகைய குழுவுக்கென ஒரு படைப்பை எழுதினார். தனிவாசிப்புக்கும் இவ்வாறே, சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷெர் இசையமைப்பாளர்களை விடாது நாடியதன் பயனாகவே 1934-இல் கிளாசுனாஃபின் சாக்ஸபோன் கான்செர்ட்டோவும், 1935-இல் ஈபேரின் 'கான்செர்ட்டினோ'வும் கிடைத்தன. வாசிப்பவர் கேட்டதால் பிறந்த இசையே இக்கருவியின் பெருஞ்செல்வம் என்பது இதனால் புலப்படும்.

ஆதலால், கற்பித்தலை வருவாயின் அடித்தளமாகவும், நால்வர் குழுவை அன்றாடப் பணியாகவும், ஆர்க்கெஸ்ட்ரா அழைப்பை அவ்வப்போது வந்து சேரும் வாய்ப்பாகவும் கொண்டு, தம் காலத்து இசையமைப்பாளர் ஒருவரிடமேனும் புதிய படைப்பைக் கேட்டுப் பெற்று அரங்கேற்றுபவரே, தமக்குப் பின் வருவோர் வாசிக்கவும் எதையேனும் விட்டுச்செல்வார்.


மூத்த இசையாசிரியர்