இளவட்டக்கல்லும் ஊன்றுகோலும்

நுழையும்முன்

முதுமை என்றவுடன் நரையும் திரையும் நம் நினைவுக்கு வருகின்றன. வெளியே தெரியாமல் உடலுக்குள் கரைந்துகொண்டிருக்கும் தசையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மதுரை வட்டாரத்தின் உணவையும் உழைப்பையும் முன்வைத்து, முதியோரின் தசைநலம் பற்றி இப்பாடம் பேசுகிறது.

மதுரையைச் சூழ்ந்த கரிசல், செம்மண் நிலத்துச் சிற்றூர்கள் சிலவற்றின் மந்தையில் வழவழப்பான பெரிய உருண்டைக்கல் ஒன்று கிடப்பதை இன்றும் காணலாம். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். கைப்பிடிக்கு இடமில்லாத அக்கல்லைக் குந்தி அமர்ந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உயர்த்தி, தோளுக்குக் கொண்டுசென்று முதுகுக்குப் பின்னே எறிய வேண்டும். அவ்வாறு எறிந்தவனே இளவட்டம். பெண் கொடுக்கத் தகுந்தவன் என்று ஊர் ஒப்புக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அக்கல் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. அதனருகே, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு காலத்தில் அதனைத் தூக்கியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையைப் பேரனிடம் நீட்டுகிறார்கள். கல்லின் எடை மாறவில்லை. மாறியது எது?

இவ்வினா நமக்குப் புதியதன்று. புறநானூற்றின் 243ஆம் பாடலில், கோலூன்றி நடுங்கும் முதியவர் ஒருவர், நீர்த்துறையில் படிந்த மருதமரக் கிளையேறி ஆழ்மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய தம் இளமையை எண்ணி இரங்குகிறார். அதனைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் ஊன்றுகோலே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. அம்முதியவர் தம் அழகு போயிற்றே என்று வருந்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏறுதல், குதித்தல், மூழ்குதல், அள்ளுதல் என அவர் இழந்ததாகச் சொல்வன எல்லாம் தசையின் தொழில்கள்.

தசை வறுமை

அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பர்க், முதுமையில் நேரும் தசை இழப்புக்கு ஒரு பெயர் இல்லாததாலேயே மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தாமல் இருக்கிறது என்று கருதினார். 1989இல் அவர் அதற்கு இட்ட பெயர் 'சார்கோபீனியா'. தசை, வறுமை என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தசை வறுமை என்று நாம் தமிழில் சொன்னால் பொருள் பிறழாது. உண்மையில் இதனைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பதும் அரிது. காரணம் பின்னர் விளங்கும்.

முப்பது, நாற்பது வயதிற்குப் பின் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதைக் கடந்தபின் அக்குறைவு விரைவுபெறுகிறது. எல்லாத் தசை இழைகளும் ஒரே அளவில் தேய்வதில்லை. நெடுநேரம் மெதுவாக உழைக்கும் இழைகளைவிட, நொடியில் சுருங்கி வலுவைத் தரும் விரைவிழைகளே மிகுதியாகத் தேய்கின்றன. கால் இடறும்போது மறு காலைச் சட்டென முன்வைத்து நம்மைத் தாங்குபவை அவையே. ஆதலால்தான் அமைதியாக நடந்துசெல்லும் பாட்டி, வாசற்படியில் இடறியவுடன் விழுந்துவிடுகிறார். 'வழுக்கிவிட்டது' என்று தரையின்மீது பழிபோடுகிறோம்.

விழுந்தபின் நடப்பது இதனினும் கொடிது. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமுடன் இருந்த முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருத்தப்பட்டனர். அப்பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு குறைந்துபோயிற்று. 'விழுந்தவர் நன்றாக ஓய்வெடுக்கட்டும்' என்று அன்பினால் நாம் நீட்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இப்படி ஒரு விலை உண்டு.

தட்டில் உள்ள கணக்கு

'வயதாகிவிட்டது, அரை வயிறு போதும்' என்பது நம் வீடுகளில் கேட்கும் சொல். ஆற்றலைப் பொறுத்தவரை இது ஓரளவு சரிதான்; உழைப்புக் குறைந்தால் மாவுச்சத்தின் தேவையும் குறையும். புரதத்திற்கோ இக்கணக்குப் பொருந்தாது. உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் முதுமையில் மங்குவதால், இளைஞரின் உடல் சிறிதளவு புரதத்தைக்கொண்டு செய்யும் வேலைக்கு முதியவரின் உடல் கூடுதலாகக் கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். முதியோருக்கு இது 1 முதல் 1.2 கிராம் வரை இருத்தல் நலம் என்பது பன்னாட்டு வல்லுநர் குழு 2013இல் கூறிய கருத்து.

ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வேண்டியது குறைந்தது 50 கிராம் புரதம். காலையில் இரண்டு இட்லி: 4 கிராம். நண்பகல் ரசச்சோறும் இரவுக் கஞ்சியும் சேர்ந்து 150 கிராம் அரிசி: 12 கிராம். ரசத்தில் கரைந்த பருப்பு: 2 கிராம். இருவேளைக் காப்பியில் உள்ள பால்: 3 கிராம். ஆக மொத்தம் 21 கிராம், பாதியைக்கூட எட்டவில்லை. பாட்டிக்குப் பசியில்லை, வயிறு நிறைந்திருக்கிறது. பட்டினி கிடக்கிறவர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். தசை மட்டும் பட்டினி கிடக்கிறது. ரோசன்பர்க் வறுமை என்றது இதற்கும் பொருந்திவிடுகிறது.

குறையை நிரப்பக் கடையில் விற்கும் புரதமாவு டப்பாவைத் தேட வேண்டியதில்லை. 30 கிராம் உளுந்தில் கிண்டிய களி 7 கிராம் தரும். ஒரு முட்டை, ஒரு குவளைத் தயிர், 30 கிராம் பருப்பைக் குழைய வேகவைத்த கூட்டு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஆகிய ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 கிராம் தரும். ஐந்தையும் சேர்த்தால் 31. முன்னைய 21உடன் கூட்டினால் 52. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இட்லி மாவில் அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்த நம் முன்னோர் அமினோ அமிலங்களை அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன.

கொள்ளின் கதை வேறு. அதன் வேகவைத்த நீர் ரசமாகி மனிதருக்குச் செல்கிறது. புரதம் மிகுந்த பயறோ பல வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. ஏறுதழுவலுக்கு வளர்க்கும் காளைக்குக் கொள்ளும் பருத்திவிதையும் தேடித் தேடி ஊட்டுகிறோம். காளையின் திமிலில் நமக்குள்ள அக்கறையில் சிறு பங்கு, அதனை வளர்த்தவரின் தொடைத்தசைக்கும் கிடைக்கலாம் அல்லவா!

பல் இழந்தவர் வேர்க்கடலையை மெல்ல இயலாது. அரைத்துத் துவையலாக்க வேண்டும். மதுரை வட்டாரத்துக் கண்மாய்களின் அயிரைமீன் முள்ளோடு உண்ணத்தக்க மென்மையுடையது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் புரத அளவு வேறுபடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

உண்டால் மட்டும் போதுமா?

பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாகத் தொண்ணூறு வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் கால்பயிற்சி அளிக்கப்பட்டது. மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவர் நடத்திய அவ்வாய்வின் முடிவு 1990இல் வெளிவந்தது. பயிற்சியை நிறைவுசெய்தவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. 1994இல் அவருடைய குழு நூறு முதியோரிடம் மேலும் ஒரு சோதனை செய்தது. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. பயிற்சி செய்தோர் வலுப்பெற்றனர். பயிற்சியின்றிச் சத்துபானம் மட்டும் பருகியோரிடம் மாற்றம் தென்படவில்லை. உணவு செங்கல் எனில் உழைப்பே கொத்தனார்.

ஆட்டுக்கல்லும் உரலும் கிணற்றுக் கயிறும் நம் பாட்டிமார்க்கு எடைப்பயிற்சிக் கூடமாக இருந்தன. பழமையைப் போற்றும் ஆர்வத்தில், அவ்வுழைப்பு அவர்கள் மூட்டுகளைத் தேய்த்ததையும் மறக்கலாகாது. அதனை மீட்க வேண்டியதில்லை. தரையில் அமர்ந்து உண்டு கையூன்றாமல் எழ முயல்வதும், இயலாதவர் நாற்காலியில் இருந்து எழுந்தமர்வதும் தொடைக்குப் பயிற்சியாகும். மாசி வீதிகளைச் சுற்றி நடப்பது இதயத்திற்கு நல்லது. ஆனால் நடை மட்டும் விரைவிழைகளை வளர்ப்பதில்லை.

யாருடைய முட்டை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழக மக்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னோடி, மருத்துவர் வி.செ. நடராஜன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. நியாயவிலைக் கடையில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் உள்ள புரதம் ஏறத்தாழ 220 கிராம். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கும் குறைவு.

எனினும் அடுப்படியில் நிகழும் பங்கீட்டை எந்தத் திட்டமும் எட்டிப்பார்க்க இயலாது. வீட்டில் மூன்று முட்டை இருந்தால், 'வளர்கிற பிள்ளை சாப்பிடட்டும்' என்று தம் பங்கைப் பேரனின் தட்டில் நகர்த்திவிட்டு, மோரில் சோற்றைப் பிசைந்துகொள்பவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தட்டு பல வேளைகளில் உங்களுடையதாகவே இருந்திருக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு முதியவரைச் சுவரோரம் உறுதியாக வைத்த நாற்காலியில் அமரச் செய்க. கைகளை மார்பில் கட்டியபடி ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லி, அருகில் நின்றுகொண்டு நேரத்தைக் கணக்கிடுக. பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆனால், தசைவலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறை. அன்று அவர் உண்டவற்றை எழுதிப் புரதக் கணக்கிட்டு, வகுப்பில் பகிர்க.