உங்க ஃபைனான்ஸ் ஸ்கிரிப்ட்டை ஏஐ ஏஜென்ட் அப்டேட் பண்ணலாமா?

எக்ஸ்பென்ஸ் டிராக்கர், போர்ட்ஃபோலியோ கணக்கு மாதிரி சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டை ஏஐ ஏஜென்ட் கிட்ட சொல்லி எழுதி வாங்குறவங்க இப்போ நிறைய பேர். கோடிங் பெருசா தெரியாதவங்க கூட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிச்சிடுறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா எழுதி வாங்குன பிறகு அந்த ஸ்கிரிப்ட்டை யார் பராமரிக்கிறது? அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப்போறோம்.

உங்க ஸ்கிரிப்ட் நூறு வரிதான் இருக்கும். ஆனா அது வேற யாரோ எழுதின பேக்கேஜ்களை நம்பித்தான் ஓடுது. பைத்தான்ல எழுதியிருந்தா அட்டவணைக்கு பாண்டாஸ், பங்கு விலை எடுக்க ஒய்ஃபைனான்ஸ், இந்த மாதிரி. பைத்தான் பேக்கேஜ்கள் பைப்பிஐ-ல இருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் என்பிஎம்-ல இருக்கும். ரெண்டுலயும் தினமும் புது வெர்ஷன் வந்துக்கிட்டே இருக்கும்.

ஏஐ மாடலுக்கு இது தெரியாது. அது படிச்ச தகவல் ஒரு தேதியோட நின்னுபோச்சு. அதனால ரொம்ப நம்பிக்கையா ஒரு பழைய வெர்ஷன் நம்பரை எழுதிக் கொடுத்துடும். இதைச் சரிசெய்யத்தான் அப்டேட் பார்க்குற டூல்கள் வந்திருக்கு. பெரும்பாலும் எம்சிபி முறையில வேலை செய்யும். 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட பொதுத் தரம் இது. ஏஜென்ட் வெளியில இருக்கிற ஒரு டூலைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு வழி, அவ்வளவுதான். "பாண்டாஸ்ல இப்போ கடைசி வெர்ஷன் எது?"ன்னு ஏஜென்ட் கேட்கும், டூல் பைப்பிஐ-ல போய்ப் பார்த்துப் பதில் சொல்லும். அங்க இருக்கிறது எல்லாருக்கும் திறந்திருக்கிற தகவல். அதனால லாகின் வேண்டாம், காசும் வேண்டாம். வெர்ஷன் பார்க்குற டூல்னு சொல்லிட்டு உங்க புரோக்கர் ஏபிஐ கீ கேட்டா, அந்த நிமிஷமே தூக்கிடுங்க.

பழசாவே விட்டா என்ன?

ஈக்விஃபேக்ஸ் கதை தெரிஞ்சிருக்கும். அமெரிக்காவுல கிரெடிட் ஸ்கோர் வச்சிருக்கிற பெரிய கம்பெனி. அவங்க பயன்படுத்துன அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ல ஓட்டை இருக்குன்னு 2017 மார்ச்லேயே சொல்லி, திருத்தின வெர்ஷனும் வந்துடுச்சு. அவங்க போடல. மே மாசம் ஹேக்கர்கள் அதே ஓட்டை வழியா உள்ள வந்தாங்க. சுமார் 14.7 கோடி பேரோட தகவல் போச்சு. 2019-ல 70 கோடி டாலர் வரைக்கும் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க.

உங்க லேப்டாப்ல மட்டும் ஓடுற ஸ்கிரிப்ட்டுக்கு அந்த அளவு ஆபத்து கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனா அதே ஃபோல்டர்ல பான் நம்பரோட சிஏஎஸ் ஸ்டேட்மென்ட், ஏபிஐ கீ எல்லாம் இருக்கும் இல்லையா?

அப்போ உடனே அப்டேட் பண்ணிடலாமா?

கூடாது. 2025 செப்டம்பர் 8 அன்னிக்கு என்பிஎம்-ல சாக், டீபக் உட்பட 18 பேக்கேஜ்கள்ல திருட்டுக் கோடு நுழைஞ்சது. அதைப் பராமரிக்கிறவருக்கு என்பிஎம் அனுப்பின மாதிரியே ஒரு போலி மெயில் போயிருக்கு, அதுல லாகின் போயிடுச்சு. அந்தப் பேக்கேஜ்களை எல்லாம் சேர்த்தா வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல டவுன்லோட் ஆகுறவை. உள்ள வந்த கோடு என்ன செஞ்சதுன்னா, பிரவுசர்ல நீங்க கிரிப்டோ அனுப்பும்போது போய்ச் சேர வேண்டிய வாலட் முகவரியையே மாத்திடும். சில மணி நேரத்துல கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்க. ஆனா அந்தச் சில மணி நேரத்துல "லேட்டஸ்ட் எது?"ன்னு கேட்டிருந்தா, டூல் எந்தத் தப்பும் செய்யாம அந்த விஷ வெர்ஷனைத்தான் காட்டியிருக்கும். டூலோட வேலை நம்பர் சொல்றது மட்டும்தான். அது நல்லதா கெட்டதான்னு அதுக்குத் தெரியாது.

அதனால வெர்ஷன் வந்து ஒரு வாரமாவது ஆகட்டும். பிஎன்பிஎம்-ல இதுக்குன்னே ஒரு செட்டிங் கொடுத்திருக்காங்க, வெளிவந்து இவ்வளவு நேரம் ஆகாத வெர்ஷனை இன்ஸ்டால் பண்ணவே விடாது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த வெர்ஷனா இருந்தா மட்டும் காத்திருக்க வேண்டாம்.

பெரும்பாலானவங்க கவனிக்காத விஷயம்

ஹேக்கர் யாருமே இல்லாம, நேர்மையான அப்டேட்டே உங்க கணக்கை மாத்திடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஒய்ஃபைனான்ஸையே எடுத்துக்கோங்க. இது யாஹூவோட அதிகாரப்பூர்வ பேக்கேஜ் கிடையாது. 0.2 வரிசையில இருந்தப்பவே, விலையை டவுன்லோட் பண்ணும்போது 'ஆட்டோ அட்ஜஸ்ட்' தானா ஆன் ஆகுற மாதிரி மாத்தினாங்க. அப்படின்னா, பழைய விலைகள்ல இருந்து டிவிடெண்டைக் கழிச்சுத்தான் காட்டும்.

வாங்கின தேதியைக் கொடுத்தா விலையை அதுவே எடுக்கிற ஸ்கிரிப்ட் உங்ககிட்ட இருக்குன்னு வைங்க. 2020-ல ₹200-க்கு வாங்கின பங்கு, இன்னிக்கு ₹300. லாபம் 50%. டிவிடெண்ட் நிறைய கொடுத்த பங்குன்னா, அப்டேட்டுக்குப் பிறகு அதே பழைய விலை, உதாரணத்துக்கு, ₹165-ன்னு வரும். லாபம் திடீர்னு 82%! டிவிடெண்டையும் சேர்த்து ரிட்டர்ன் பார்க்க இது சரியான கணக்குதான். ஆனா நீங்க கொடுத்த விலை ₹200. கேப்பிட்டல் கெயின்ஸ் கணக்கு ₹165-ஐ வச்சுப் போட்டா, இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீங்க. ஸ்கிரிப்ட் டிவிடெண்டைத் தனியா வேற கூட்டினா, ஒரே காசை ரெண்டு தடவை எண்ணின மாதிரி. எர்ரர் மெசேஜ் எதுவும் வராது, ஸ்கிரிப்ட் ஜோரா ஓடும்.

வெர்ஷன்ல மூணு நம்பர் இருக்கும். முதல் நம்பர் மாறினா பெரிய மாற்றம்னு அர்த்தம். ஆனா முதல் நம்பர் பூஜ்ஜியமா இருந்தா எப்போ வேணா எது வேணா மாறலாம்னு விதியிலேயே இருக்கு. கடைசி நம்பர்தானே மாறியிருக்குன்னு ஏஜென்ட் சொன்னாலும் நம்பி விட்டுடாதீங்க.

டூலை இணைச்சதும் ஏஜென்ட்டுக்கு இப்படிச் சொல்லிடுங்க: "எது பழசாயிருக்குன்னு மட்டும் பட்டியல் கொடு. ஒவ்வொண்ணும் வெளிவந்த தேதி, ரிலீஸ் நோட்ஸ்ல டிஃபால்ட் எது மாறியிருக்கு, பாதுகாப்பு ஓட்டை அடைச்சிருக்கா, இதையும் சொல்லு. நான் சொல்லாம எதையும் இன்ஸ்டால் பண்ணாதே." வெர்ஷன் நம்பர்களை ஃபைல்ல அப்படியே பூட்டி வைக்கச் சொல்லுங்க. சரின்னு முடிவு பண்ணின பிறகு ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து, காப்பியில மட்டும் அப்டேட் போட்டு, பழசையும் புதுசையும் ஒரே ஹோல்டிங்ஸ் லிஸ்ட்டோட ஓட்டிப் பாருங்க. மொத்தம் ஒரு ரூபாய் மாறினாலும் ஏன்னு தெரியாம பழைய ஃபோல்டரை டெலீட் பண்ணாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை, எஸ்ஐபி போற நாளோட சேர்த்து வச்சுக்கிட்டா போதும்.