சத்தம் வராத நேரத்தையும் எழுதுவோம்

எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை மின்சாரக் காரில் வருகிறார். வேப்பமரத்தடியில் பூட்டி நிறுத்திய அந்தக் காரிலிருந்து அவ்வப்போது ‘டக்’ என்ற சத்தமும் தொடர்ந்து மெல்லிய ரீங்காரமும் கேட்கும். சில நேரம் வரும், சில நேரம் வராது. கார் தீப்பிடிக்கப் போகிறது என்று ஆறாம் வகுப்பில் பேச்சு கிளம்பியது. அந்த வழியே குடிநீர்க் குழாய்க்குப் போகவே பிள்ளைகள் தயங்கினார்கள். ‘பயப்படாதே’ என்று சொன்னால் பயம் போகாது, காரணம் தெரிந்தால்தான் போகும். எனவே எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளையில் இதையே ஆய்வாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் பாதுகாப்பு

காரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதை ஆசிரியை உறுதி செய்தார். பானெட்டைத் திறக்கக் கூடாது, காரைத் தொடக் கூடாது, வராண்டாவில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்க வேண்டும் என்று விதி வகுத்தோம். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகளில் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். புகையோ கருகல் வாசனையோ வந்தால் ஆய்வை நிறுத்திவிட்டு விலகி, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தோம்.

கருதுகோள்கள்

மாணவர்கள் நான்கு காரணங்களைச் சொன்னார்கள்: அணில் புகுந்திருக்கிறது, வெயிலில் உலோகம் விரிகிறது, பேட்டரி சூடாகி விசிறி ஓடுகிறது, கைப்பேசிச் செயலியைத் திறக்கும்போது கார் விழித்துக்கொள்கிறது. எதையும் நான் மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: ‘இது உண்மையானால் சத்தம் எப்போது வர வேண்டும், எப்போது வரக் கூடாது?’

மூன்று குறிகள்

அட்டவணையில் மூன்று குறிகளை வைத்துக்கொண்டோம். சத்தம் கேட்டால் சரிக்குறி. உட்கார்ந்து கவனித்தும் கேட்கவில்லை என்றால் 0. அந்த நேரத்தில் யாருமே கவனிக்கவில்லை என்றால் ஒரு கோடு. ‘வரவில்லை’ என்பதும் ‘யாரும் பார்க்கவில்லை’ என்பதும் வேறு வேறு. இந்த ஆய்வில் நான் கற்பிக்க விரும்பியது இதைத்தான். கூடவே வெயில், நிழல், வந்த நேரம், காரில் ஏ.சி. போட்டாரா, செயலியைத் திறந்தாரா ஆகியவற்றையும் ஆசிரியையிடம் கேட்டு எழுதினார்கள்.

முதல் வாரத்திலேயே இது ஒரு சத்தமல்ல, இரண்டு என்று தெரிந்தது. கார் வந்து நின்ற சிறிது நேரத்தில் விசிறிச் சத்தம் மட்டும் வரும். அது ஏ.சி. போட்ட நாட்களில்தான் வந்தது. ஏ.சி.யின் குளிர்ந்த பாகத்தில் படியும் ஈரத்தை உலர்த்த, சில கார்களில் விசிறி பிறகு தானாக ஓடும். ‘டக்’ சத்தமோ நண்பகலை ஒட்டி வந்தது. வெயில், நிழல், செயலி எதனுடனும் அது பொருந்தவில்லை.

இரண்டாம் வாரம் புதன்கிழமை ‘டக்’ வரிசையில் எல்லாமே 0. “கவனிக்காமல் இருந்துவிட்டீர்களா?” என்றேன். “இல்ல டீச்சர், எல்லா இடைவேளையிலும் உட்கார்ந்து கேட்டோம். வரவே இல்ல” என்றாள் ஒரு மாணவி. அப்படியானால் அன்று என்ன மாறியது? ஆசிரியையிடம் விசாரித்தார்கள். முன்கண்ணாடியில் பொருத்திய கேமராவின் வயரை அன்று கழற்றியிருந்தார். மற்ற நாட்களில் கார் பூட்டியிருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம் புலப்பட்டது. மின்சாரக் காரில் சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரியைத் தவிர, விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றுக்காக 12 வோல்ட் சிறிய பேட்டரியும் உண்டு. கேமரா அந்தச் சிறிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அதன் அளவு குறைந்ததும் பெரிய பேட்டரியிலிருந்து கார் தானாகவே அதற்கு மின்னேற்றுகிறது. அப்போது காண்டாக்டர் என்ற பெரிய மின்சுவிட்சு இணையும் ஒலிதான் ‘டக்’. தொடரும் ரீங்காரம் குளிர்விக்கும் பம்பினுடையது. நிறுத்திய நிலையிலும் இப்படி மின்னேறும் என்று காரின் கையேட்டிலும் இருந்தது.

சோதித்து உறுதி செய்தல்

கையேட்டோடு நிறுத்தவில்லை. மூன்றாம் வாரத்தில் இரண்டு நாள் கேமரா இணைப்பின்றி, இரண்டு நாள் இணைப்புடன், ஒரு நாள் மீண்டும் இணைப்பின்றிக் கார் நின்றது. எந்த நாள் எது என்று கவனிக்கும் குழுவுக்குச் சொல்லவில்லை. இணைப்பு இருந்த இரண்டு நாட்களில் மட்டும் ‘டக்’ பதிவானது. ‘கேமரா இல்லாவிட்டால் சத்தமே வராது’ என்று ஒரு மாணவர் முடிவெழுதினார். பக்கத்திலிருந்தவர் அதைத் திருத்தினார்: ‘பள்ளி நேரத்தில் நாம் கவனித்தபோது வரவில்லை.’ இரவில் யாரும் கேட்கவில்லையே! அங்கே கோடுதான் போட முடியும். பிறகு எட்டாம் வகுப்பினரே ஆறாம் வகுப்புக்குச் சென்று அட்டவணையைக் காட்டி விளக்கினார்கள்.

உங்கள் வகுப்பில்

இதற்கு மின்சாரக் கார் தேவையில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் விட்டு விட்டுத்தான் ஒலிக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலை ஒரு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டு இதே மூன்று குறிகளை இடலாம். அடிக்கடி கதவைத் திறந்த நாளையும் திறக்காத நாளையும் ஒப்பிடலாம். பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளை இருக்கும் வீட்டுப் பிள்ளைகளோடு குழுவாக்குங்கள், அல்லது பள்ளியில் உள்ள ஒன்றைப் பயன்படுத்துங்கள். நடுநிலை வகுப்புகளில் மழைமானிப் பதிவேட்டை எடுக்கலாம். மழை பெய்யாத நாளுக்கு 0, யாரும் அளக்காத விடுமுறை நாளுக்குக் கோடு. இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் மாத மழையளவு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.