காலையில் தெளிவு, பின்னேரம் குழப்பம்

"காலைல பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாரு, பின்னேரம் 'நீ யாரு'ன்னு கேக்குறாரு. தாத்தா நடிக்கிறாரு." இப்படி லயங்களில் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அது நடிப்பல்ல. முதுமை மறதி நோயில், முக்கியமாக லூவி என்ற வைத்தியரின் பெயரால் அழைக்கப்படும் வகையில், தெளிவு மணிக்கு மணி கூடிக் குறையும்.

டொக்டர் பார்ப்பது கொஞ்ச நேரம். அப்போது தாத்தா தெளிவாகப் பேசினால் நோய் தெரியாமலே போகும். ஆகவே வீட்டார் கண்டதுதான் பெரிய சாட்சி. ஒரு கொப்பியில் நாள், நேரம் போட்டு இந்த நான்கையும் எழுதுவோம்:

1. இரவு நன்றாகத் தூங்கியும் பகலில் சோர்ந்து தூங்கி வழிகிறாரா?
2. பகலில் 2 மணித்தியாலமோ அதற்கு மேலோ தூங்குகிறாரா?
3. வெகுநேரம் வெறித்துப் பார்த்தபடி இருக்கிறாரா?
4. சில வேளை பேச்சு கோர்வையில்லாமல் போகிறதா?

மூன்றுக்காவது "ஆம்" என்றால் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் மலைக்குப் போயிருந்தால், பகலில் வீட்டில் நின்றவரிடம் கேட்டு எழுதுங்கள்.

ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், புது மருந்து காரணமாகலாம். அன்றைக்கே காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

குளிப்பு, சாப்பாடு எல்லாம் தெளிந்த நேரத்தில் வையுங்கள். குழம்பிய நேரத்தில் ஏச வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.