கார் நிற்கும் தளத்தில் சுவர் எழுப்பலாமா?

கேள்வி: எங்கள் அடுக்ககம் ‘ட’ வடிவத்தில் இருக்கும். கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே நான்கு மாடி. 2006-ல் கட்டியது. கீழ்த்தளத்தில் ஒரு மூலையை மட்டும் செங்கல் சுவரால் அடைத்து ஹால் கட்டலாம் என்கிறது சங்கம். ‘நிலநடுக்கம் வந்தால் வம்பு’ என்று என் மகள் தடுக்கிறாள். சென்னையில் நிலநடுக்கமா என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: நான் உங்கள் மகள் கட்சி.

சிரிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரியை ஒட்டிய கடலில் உண்டான நடுக்கம் சென்னையையும் அசைத்தது. அடுத்த ஆண்டு, கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893-ஐத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற்றினார்கள். அந்தத் தொகுப்பில் அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலம்தான்.

அந்த அகமதாபாத்தில் 2001 ஜனவரி 26 காலை நடந்ததுதான் உங்களுக்கான பாடம். கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தது. நகரமோ அங்கிருந்து 200 கி.மீ.-க்கும் அப்பால். ஆனாலும் பல அடுக்ககங்கள் சரிந்தன. அவற்றில் நிறைய, உங்களுடையதைப் போலக் கீழ்த்தளத்தை பார்க்கிங்குக்குத் திறந்து விட்டவை. மேல் மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் அவை ஒரே பெட்டிபோல விறைத்து நிற்கும். கீழே சுவரே இல்லை. கட்டடம் ஆடும்போது அத்தனை ஆட்டத்தையும் அந்தத் தூண்களே வாங்கிக்கொள்ள வேண்டும். தாங்காமல் தூண் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நொறுங்கினால், மேலே உள்ள பெட்டி அப்படியே கீழே உட்கார்ந்துவிடும்.

“அப்படியானால் சுவர் வைப்பது நல்லதுதானே?” என்று சங்கத்தில் யாராவது மடக்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் வைப்பதுதான் தவறு. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கிறீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் உடம்பு நேராகவா சாய்கிறது? பிடித்த கையைச் சுற்றித் திரும்புகிறது. சுவர் உள்ள மூலைதான் கட்டடம் பிடித்த கை. எதிர்க்கோடித் தூண்கள் மிக அதிகமாக வீசப்படும். 1972 டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில், அருகருகே இருந்த இரண்டு வங்கிக் கட்டடங்களில் இதைப் பார்த்தார்கள். மத்திய வங்கிக்கு 15 மாடி. லிஃப்டும் படிக்கட்டும் ஒரு கோடியில். அது முறுக்கிக்கொண்டு பலத்த சேதமடைந்தது. 18 மாடி பாங்கோ தெ அமெரிக்காவில் கான்கிரீட் சுவர்கள் நடுவில் சமச்சீராக இருந்தன. சிறு சேதத்தோடு தப்பியது.

உங்கள் ‘ட’ வடிவம் ஏற்கெனவே பாதி முறுக்குதான். இரண்டு கைகளும் இரண்டு விதமாக ஆடப் பார்க்கும். சேரும் உள்மூலையில் ஸ்லாப் கிழியும். மொத்த நீளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஒரு பகுதி துருத்திக்கொண்டிருந்தாலே அதை ஒழுங்கற்ற வடிவம் என்கிறது அந்த 2002 விதித்தொகுப்பு. இதன்மேல் ஹாலும் வேண்டாம். “சரி, இடுப்பளவு சுவராவது” என்று சமாதானத்துக்கு வருவார்கள், அதற்கும் தலையாட்டாதீர்கள். தூணின் கீழ்ப்பாதியை இறுக்கிப் பிடித்துவிட்டால் வளைய மேல்பாதிதான் மிச்சம்; குட்டையான தூண் கூடுதல் விசையை இழுத்துக்கொண்டு குறுக்காக வெடிக்கும்.

செய்ய வேண்டியது வேறு. பில்டரிடமிருந்து ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை வாங்குங்கள் (‘தொலைந்துவிட்டது’ என்பார்கள், விடாதீர்கள்). திறந்த கீழ்த்தளத்தின் தூண், பீம்களைக் கணக்கில் வரும் நிலநடுக்க விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்க வேண்டும், அல்லது சமச்சீராகக் கான்கிரீட் சுவர்கள் வைக்க வேண்டும் என்று 2002 விதியிலேயே இருந்தது. இரண்டில் எதைச் செய்தார்கள் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தூண் முனைகளில் கம்பிகளைச் சுற்றிய ரிங்குகள் எவ்வளவு நெருக்கம் என்றும் அவர் பார்க்கட்டும். அதோடு ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்குத் தூணின் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். 90-ல் மடித்தது வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் பிரிந்துகொள்ளும். அவசரத்தில் மேஸ்திரிகள் அப்படித்தான் மடித்துவிடுகிறார்கள்.

குறை தெரிந்தால் தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி கான்கிரீட் போர்த்தலாம். அஸ்திவாரத்திலிருந்தே எழும்பும் கான்கிரீட் சுவர்களை இரு கைகளிலும் கணக்குப் பார்த்து வைக்கலாம். இரண்டு, மூன்று கார்களுக்கு இடம் போகும். சங்கத்தில் அடுத்த சண்டை அதற்காக இருக்கும். கூட்டத்தை மொட்டை மாடியில் போடுங்கள்.