வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க குடியுரிமைச் சான்று: எது செல்லும், எது செல்லாது?

ஆதார் இருக்கு. ரேஷன் கார்டு இருக்கு. பான் கார்டும் இருக்கு. "இதெல்லாம் இருந்தும் நான் இந்தியக் குடிமகன்னு தனியா நிரூபிக்கணுமா?" படிவம் 6-ஐ முதல்முறை கையில் எடுக்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. சந்தேகம் தீராததால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுபவர்களும் உண்டு. அப்படி விட்டால் இழப்பது ஒரு வாக்கு. அதனால் ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம், வாங்க.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்புச் சட்டத்தின் 326-வது பிரிவு, 18 வயது நிறைந்த இந்தியக் குடிமக்களுக்கு வாக்குரிமை தருகிறது. 1989 வரை இந்த வயது 21 ஆக இருந்தது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இன்னும் விளக்கமாகச் சொல்கிறது: 16-வது பிரிவின்படி, இந்தியக் குடிமகன் அல்லாதவர் பெயர் பட்டியலில் இடம்பெற முடியாது. 19-வது பிரிவின்படி, நீங்கள் அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

ஆக மூன்று கேள்விகள்: வயது என்ன? எங்கே குடியிருக்கிறீர்கள்? நீங்கள் குடிமகனா? இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம்.

படிவம் 6 கேட்பது என்ன?

வயதுக்குச் சான்றாக பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பிறந்த தேதி உள்ள 10 அல்லது 12-ஆம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று போதும்.

முகவரிக்கு ஆதார், பாஸ்போர்ட், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், குடிநீர், மின்சாரம் அல்லது கேஸ் பில், வருவாய்த் துறையின் நில ஆவணம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், பதிவு செய்த கிரயப் பத்திரம் இவற்றில் ஒன்று. கரண்ட் பில் அப்பா பெயரில் இருக்கே என்று கவலை வேண்டாம், பெற்றோர் பெயரில் இருந்தாலும் செல்லும். அச்சிட்ட பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் உள்ள எதுவுமே இல்லாதவர்கள், கையில் உள்ள வேறு ஆவணத்தைக் குறிப்பிட படிவத்திலேயே இடம் இருக்கிறது.

சரி, குடியுரிமைக்கு? அதற்கென்று தனி ஆவணப் பட்டியல் படிவம் 6-ல் கிடையாது. கடைசிப் பகுதியில் ஓர் உறுதிமொழி இருக்கும். "நான் இந்தியக் குடிமகன், நான் பிறந்த ஊர் இது" என்று நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால், 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆதார் ஏன் குடியுரிமைச் சான்று ஆகாது?

2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 9-வது பிரிவிலேயே இதைச் சொல்லிவிட்டது: ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று அல்ல. காரணம் எளிது. குடிமகன் அல்லாதவரும் குறிப்பிட்ட காலம் இங்கே வசித்தால் ஆதார் பெறலாம். ஆதார் உங்களை "இன்னார்" என்று அடையாளம் காட்டும். வயதுக்கும் முகவரிக்கும் படிவம் 6-ல் அது ஏற்கப்படும். அதோடு அதன் வேலை முடிந்தது. 2025 செப்டம்பரில் பீகார் வாக்காளர் பட்டியல் வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஆதாரை அடையாள ஆவணமாக ஏற்க வேண்டும், குடியுரிமைச் சான்றாக அல்ல என்றே தெளிவுபடுத்தியது.

பிறந்த தேதிதான் முக்கியம்

பிறப்பின் அடிப்படையில் யார் குடிமகன் என்பதை 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மூன்று காலகட்டமாகப் பிரிக்கிறது. உங்கள் பிறந்த தேதி எதில் வருகிறது என்று பாருங்கள்:

• 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர்: பிறப்பாலேயே குடிமகன். பெற்றோரின் குடியுரிமை பார்க்கப்படாது.

• 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர்: பிறந்தபோது தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும்.

• 3.12.2004 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்: பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

ஒரு தேதி எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும்? திருச்சி இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியைப் படித்திருப்பீர்கள். பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர் 1987 ஜூலைக்கு முன்பு தமிழ்நாட்டிலேயே பிறந்தவர். பிறப்புச் சான்றிதழோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்று இந்திய பாஸ்போர்ட் பெற்றார். பிறகு வாக்காளர் அட்டையும் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தார். அவர் கையில் இருந்த பலம் பிறந்த இடமும் தேதியும் எழுதிய ஒரு சான்றிதழ்தான்.

பிறப்பு வழியாக அல்லாமல், பதிவு அல்லது இயல்புரிமை வழியாகக் குடியுரிமை பெற்றவர்கள் அதற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்கள், பெரியவர்களின் பழைய பாஸ்போர்ட்டையும் குடியுரிமை ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அது தேவைப்படலாம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் படிவம் 6ஏ மூலம் சேரலாம். வேறு நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்டால் வாக்குரிமை இல்லை. ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே நிலைதான்.

சரிபார்ப்பு எப்படி நடக்கும்?

விண்ணப்பம் வந்ததும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். முடிவெடுப்பவர் அவர் அல்ல, வாக்காளர் பதிவு அலுவலர். யாராவது படிவம் 7-ல் ஆட்சேபம் கொடுத்தாலோ, அலுவலருக்கே சந்தேகம் வந்தாலோ விசாரணை நடக்கும். அப்போது பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்றவை கைகொடுக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக விண்ணப்பிப்பவர், தான் தகுதியானவர் என்று காட்ட வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை நீக்கச் சொன்னால், ஆட்சேபிப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்டவருக்குக் காரணம் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், விளக்கமளிக்க நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்றது. எனவே நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். குறித்த நாளில் ஆவணங்களோடு நேரில் போங்கள். போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

முடிவு பாதகமாக வந்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

சிறப்பு தீவிரத் திருத்தத்தின்போது

2025 அக்டோபர் 27 அன்று தமிழ்நாட்டுக்கும் அறிவிக்கப்பட்ட சிறப்பு தீவிரத் திருத்தத்தில் நடைமுறை சற்று மாறுகிறது. 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இணைப்பு கிடைக்காதவர்களிடம் ஆவணம் கேட்கப்படும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அரசு ஊழியர் அடையாள அட்டை, 1.7.1987-க்கு முன் அரசோ வங்கியோ எல்ஐசியோ வழங்கிய ஆவணம், அரசின் வீட்டுமனை ஒதுக்கீட்டுச் சான்று போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. மேலே சொன்ன மூன்று காலகட்டம் இங்கும் பொருந்தும். இரண்டாம் பிரிவினர் பெற்றோரில் ஒருவருடைய ஆவணத்தையும், மூன்றாம் பிரிவினர் இருவருடைய ஆவணத்தையும் சேர்த்துத் தர வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

1. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய சான்றிதழ்களில் "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். உள்ளாட்சிப் பதிவாளரிடம் பெயர் சேர்க்கக் கேளுங்கள்.

2. பிறப்பே பதிவாகவில்லை என்றால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தாமதப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

3. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

4. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 ஆகிய நான்கும் தகுதி நாட்கள்.

5. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அவ்வப்போது தேடிப் பாருங்கள். வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தாலுகா அலுவலகத்தின் தேர்தல் பிரிவில் கேளுங்கள். பீரோவில் மடித்து வைத்திருக்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழை இன்னைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்க. கடைசி நேரத்தில் அலைவதைவிட இப்போது பத்து நிமிடம் செலவிடுவது நல்லது.