கண் கொடுக்கப் பல கைகள் வேண்டும்



உங்கள் தெருவில் திண்ணையே கதியென்று உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். "வயதானால் பார்வை மங்கத்தானே செய்யும்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கண்புரை. அதாவது, கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்துப் போவது. சொட்டு மருந்தால் அது நீங்காது. பச்சிலைச் சாறு பிழிந்தால் கண்ணே கெட்டுப்போகக்கூடும். வெளுத்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பதே பரிகாரம்.

அப்படியிருக்க, அவர் ஏன் இன்னும் இருளில் இருக்கிறார்? மதுரையில் கண் வைத்தியருக்கா பஞ்சம்? இல்லை. பஸ்ஸுக்குக் காசு, துணைக்கு ஓர் ஆள், அந்த ஆள் இழக்கும் கூலி, கத்தி என்றதும் எழும் பயம் ஆகிய இவைகளே தடை. வைத்தியர் ஒருவரால் மட்டும் இவற்றைத் தீர்க்க இயலாது.

இதை நன்குணர்ந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. வாத நோயால் விரல்கள் கோணிப்போயும், அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-ல் காலமானார். அவர் வளர்த்த கண் முகாமில் யார் யாருக்கு என்ன வேலை என்று பார்ப்போம்.

முதலாவது, ஊரார். லயன்ஸ் சங்கமோ, பள்ளிக்கூடமோ, கோயிலோ, ஆலையோ முகாமை ஏற்று, இடம் தந்து, ஊருக்கு அறிவிக்கிறது.

இரண்டாவது, ஆஸ்பத்திரியார். கண்களைச் சோதித்து, சிகிச்சை வேண்டியவர்களை பஸ்ஸில் அழைத்துப்போய், சோறும் படுக்கையும் தந்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

மூன்றாவது, அரசாங்கம். 1976-ல் பார்வையிழப்புத் தடுப்புக்குத் தேசியத் திட்டம் வகுத்தது. ஏழைகளின் சிகிச்சைக்கு அதன்வழி உதவித்தொகை உண்டு.

நான்காவது, தொழிற்சாலை. அயல்நாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தது. 1992-ல் ஆரோலேப் மதுரையிலேயே வில்லை செய்யத் தொடங்கியபின் விலை பல மடங்கு இறங்கியது.

ஐந்தாவது, பணம் கட்டிச் சிகிச்சை பெறுவோர். அவர்கள் கட்டுவதில் மிஞ்சுவது இலவசச் சிகிச்சைக்கு உதவுகிறது.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் காரியம் கெடும். அறிவிப்பில்லாவிட்டால் பஸ் காலியாகத் திரும்பும். பஸ் இல்லாவிட்டால் வைத்தியர் வீணே காத்திருப்பார். வில்லை இல்லாவிட்டால் வைத்தியர் இருந்தும் முழுப் பயனில்லை.

இனி, உங்கள் பங்கு யாது? வீட்டு முதியவரின் கண்களை ஒவ்வொன்றாக மூடச்சொல்லி, சற்றுத் தூரத்திலிருந்து விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். தடுமாறினால் உடனே பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். "புரை முற்றட்டும்" என்று காத்திருப்பது பழைய வழக்கம். இப்போது அதற்கு அவசியமில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர், பார்வை தெளிவாயிருந்தாலும் ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்டவேண்டும்.

அடுத்த வீட்டில் துணையற்றவர் இருந்தால், முகாம் நாளில் ஒருநாள் வேலையை விட்டு அவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரும் வில்லையும் பஸ்ஸும் ஆயத்தமாயிருந்தும், பல வேளைகளில் குறைவது அந்த ஒரு கைதான்.